ஆறு போத்தல், ஒரே சரக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு என் மனைவி சீப்பைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சீப்பின் பற்களுக்கு நடுவே மகளின் தலைமயிர் கொத்தாகச் சுருண்டு கிடந்தது.

“இது இண்டையான். நேற்றையான் இன்னும் குப்பைக் கூடைக்குள்ள கிடக்கு,” என்றாள்.

நான் எழுந்து அலுமாரியைத் திறந்தேன். மயிருக்கும் நகத்துக்கும் என்று தனியாக ஒரு போத்தல் அங்கே இருந்தது. நாளுக்கு ஒரு குளிசை கொடுத்து வந்தோம். அன்று இரண்டு எடுத்தேன். மகள் இரண்டையும் விழுங்கிவிட்டு, வெடித்த உதட்டை நக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. இதை எழுதும்போதும் அந்த மூடியைத் திருகிய என் கையைப் பார்க்க எனக்கு எரிச்சல் வருகிறது.

நாங்கள் வன்னியிலிருந்து போர்க்காலத்தில் புத்தளத்துக்கு வந்தவர்கள். போர் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. வீடு தில்லையடியில். வேலை கற்பிட்டி வீதியில் ஒரு விவசாய மருந்துக் கடையில். வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர்கள் வருவார்கள்; அநேகம் பேர் முஸ்லிம்கள், நானா என்றுதான் கூப்பிடுவேன். போத்தலில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தை வாசித்து, எத்தனை மூடி, எவ்வளவு தண்ணீர், அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. மற்றப் பாதி ஏசுவது. இரண்டு கம்பனிப் போத்தல்களை வாங்கி ஒரே தாங்கியில் கலக்கிறவர்களை நான் விட்டதே இல்லை.

“பேர்தான் வேற நானா, உள்ளுக்கு ஒரே சரக்கு. கலந்தடிச்சால் பயிர் எரியும்.”

“பூச்சி சாகணுமே தம்பி.”

“பூச்சிக்கு முந்திப் பயிர் சாகும்.”

இந்த மூன்று வரிகளையும் பதினான்கு வருடமாக ஒவ்வொரு போகத்திலும் கதைத்திருக்கிறேன்.

இப்படியொரு கடையில் நிற்கிறவனுக்குக் கீரை தொண்டையால் இறங்குவது கஷ்டம். யார் எந்த நாள் என்ன வாங்கிக்கொண்டு போனார், அதே ஆளின் கீரை எந்த நாள் சந்தைக்கு வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முதலில் இலைவகையை நிறுத்தினேன். பிறகு பயற்றங்காய், கத்தரிக்காய். கொழும்புக் கடலில் இரசாயனம் ஏற்றிய கப்பல் எரிந்த வருடம் எல்லாரும் மீனை விட்டார்கள். கொஞ்ச நாளில் எல்லாரும் மீனுக்குத் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. மிஞ்சியது சோறு, பருப்பு, பாண், அதற்குமேல் முத்திரை குத்திய சாமான்கள். சொசேஜ், நூடுல்ஸ், பிஸ்கட், பெட்டியில் வரும் பழச்சாறு. முத்திரை இருந்தால் எங்கோ ஒருவர் சோதித்துப் பார்த்திருப்பார் என்பது என் கணிப்பு. சூடை மீனுக்கு யார் முத்திரை குத்துவது?

இப்படித் தின்கிற பிள்ளைக்குச் சத்துப் போதாது என்பதும் எனக்குத் தெரியும். படித்தவன்தானே. அதனால் குளிசை. மச்சான் வெளிநாட்டிலிருந்து பார்சலில் அனுப்பினார். கரடிப் பொம்மை வடிவில் இனிப்பு விற்றமின், வளர்கிற பிள்ளைகளுக்கு என்று ஒன்று, கண்ணுக்கு ஒன்று, மீன் ஈரல் எண்ணெய், மயிருக்கு ஒன்று. பாலில் கரைக்கிற மோல்ட் மா இங்கேயே வாங்கினேன்.

மீன் எண்ணெய்ப் போத்தல் வந்த நாள் மனைவி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மீன் வேண்டாம், மீனின்ர ஈரல் மட்டும் வேணுமோ உங்களுக்கு?”

“அது சுத்திகரிச்சது.”

“அப்ப உங்களையும் ஒருக்கா அனுப்பிச் சுத்திகரிச்சு எடுப்பம்.”

அவளுக்கு லேபல் வாசிக்கப் பொறுமையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பிட்டியில் தோட்டம் செய்கிற ஒரு நானா எங்கள் பழைய வாடிக்கை. மகள் மெலிகிறாள் என்று ஒருநாள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது ஈர வாழையிலையில் சுற்றி ஒரு கட்டுப் பொன்னாங்காணி கொண்டுவந்தார். “புள்ளக்கிக் குடுங்க தம்பி,” என்றார். நன்றி சொல்லி வாங்கினேன். அவர் படியிறங்கியதும் கடைக்குப் பின்னால் போய்க் குப்பைப் பீப்பாவில் போட்டேன். அவருக்கு நான் விற்ற போத்தல்களின் நிறம்கூட எனக்கு மனப்பாடம், பிறகு எப்படி அதை வீட்டுக்குக் கொண்டுபோவது? திரும்பினால் அவர் பின்வாசலில் நிற்கிறார். மறந்துவிட்ட குடையை எடுக்க வந்தவர். பீப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் கடைக்கு வந்தார். வேண்டியதைச் சொல்வார், வாங்குவார், போவார். முன்னைப்போல் நின்று கதைப்பதில்லை.

மகளுக்கு உதடு வெடிக்கத் தொடங்கியது. சத்துக் குறைவு என்று இனிப்பு விற்றமினை இரண்டாக்கினேன். தோல் உரிந்தது. மீன் எண்ணெயைக் கூட்டினேன். தலையிடி என்றாள், கண்ணாக இருக்கும் என்று கண்ணுக்கானதைத் தொடங்கினேன். சோறு வேண்டாம் என்றாள், மோல்ட் கரைத்துக் கொடுத்தேன். எங்கள் தோட்டக்காரர் எவரும் இவ்வளவு விடாமல் அடித்திருக்க மாட்டார்.

அந்தச் செவ்வாய் பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மகள் வகுப்பில் தின்றதெல்லாம் சத்தி எடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்று மேசையில் தலையைப் போட்டுக் கிடக்கிறாளாம். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் என் மடியில் கண்ணைப் பொத்திக்கொண்டு, “அப்பா, ஆடாமப் போகச் சொல்லுங்கோ,” என்றாள். அந்த வீதியில் ஆடாமல் எந்த ஓட்டோவும் போகாது.

அவளைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் பெண். உதட்டைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், மயிரை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“வேற ஏதாவது குளிசை குடுக்கிறீங்களா?”

“எல்லாம் குடுக்கிறம் டொக்டர்,” என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள்.

“எல்லாம் எண்டா?”

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தேன். டொக்டர் மேசையைத் துப்புரவாக்கி ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். மோல்ட் போத்தலோடு ஆறு. ஒவ்வொன்றின் லேபலையும் தன் பக்கம் திருப்பி வாசித்து, பேனையால் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

“இதில விற்றமின் ஏ. இதிலயும். இது மீன் எண்ணெய், இதில நல்லா இருக்கு. கண்ணுக்கு எண்டதிலயும் அதுதான். மோல்ட்டிலயும் சேர்த்திருக்கு. பேர்தான் வேற வேற…”

“உள்ளுக்கு ஒரே சரக்கு,” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும் என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சில விற்றமின் கூடினால் சலத்தோடு போய்விடும், இது போகாது, ஈரலில் போய்ச் சேரும் என்று விளக்கினார். உதடு வெடிப்பதும் மயிர் கொட்டுவதும் தலையிடியும் கூடியதால் வரும் என்றார். நான் ஒவ்வொன்றையும் குறைவென்று வாசித்திருக்கிறேன். இரத்தம் எடுத்தார்கள். ஈரல் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஒரு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மறுநாள் முடிவு வந்தது.

“இந்த ஆறையும் நிப்பாட்டுங்க. இனிச் சாப்பாடு.”

“என்ன சாப்பாடு டொக்டர்?”

“சோறு, மீன், கீரை, பழம். வீட்டில சமைக்கிறதுதான். என்ன சமைக்கிறீங்க வீட்டில?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாள் வார்டில் வைத்து அனுப்பினார்கள். அடுத்த இரத்தப் பரிசோதனைக்குள் அந்த ஈரல் எண்கள் இறங்க வேண்டும். அதற்கு என்னிடம் எந்தப் போத்தலும் இல்லை.

ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை வழக்காடு மன்றமாக இருந்தது. சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்து மகள், “அப்பா, இது சோறோ மண்ணோ?” என்றாள். சூடை மீன் பொரித்து முள்ளெடுத்து வைத்தேன். சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். “இதைத் தின்னக்கூடாது எண்டு நீங்கள்தானே மூண்டு வருசமாச் சொன்னீங்கள்?” நான் முதலில் ஒரு துண்டை வாயில் போட்டேன். அவள் என் முகத்தை வடிவாகப் பார்த்திருந்துவிட்டுத்தான் கையை வைத்தாள். புத்தகப் பைக்குள் நூடுல்ஸ் பக்கற் ஒன்று அகப்பட்டது, வேகவைக்காமலே பாதி தின்றிருந்தாள்.

மீனாவது பரவாயில்லை. கீரைக்குத்தான் நான் நாயாய் அலைந்தேன். சந்தையில் ஒவ்வொருவரிடமும் மருந்தடித்ததா என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார்.

“நீங்க தந்ததத்தானே சேர் அடிச்ச.”

“சொன்ன நாள் கழிச்சோ புடுங்கினனீங்கள்?”

“இண்டைக்கிச் சந்த நாள்தானே சேர்,” என்றார் அவர்.

வீட்டுப் பின்பக்கம் பாத்தி கட்டினேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு, முளைத்ததில் பாதி கருகியது. மீதியை அயலவரின் ஆடு பார்த்துக்கொண்டது. மனைவி வேலியைக் காட்டி, “முருங்கைக்கு ஆர் மருந்தடிக்கிறது?” என்றாள். பத்து வருடம் நிற்கிற மரம், நான்தான் பார்க்கவில்லை. ஆறு நாள் தேங்காய்ப்பூ போட்ட முருங்கையிலை வறை. ஏழாம் நாள் மகள், “நான் ஆடோ அப்பா?” என்றாள்.

அன்றைக்குத்தான் குறிஞ்சிப்பிட்டி நானாவைக் கேட்போமா என்றாள் மனைவி. கேட்க முடியாது என்றேன். ஏன் என்றாள். பீப்பாக் கதையைச் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

“தந்த மனுசன் பாத்துக்கொண்டு நிக்கவோ போட்டனீங்கள்?”

“அவர் நிண்டது தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா மட்டும்? நீங்கள் வெக்கப்பட்டுக்கொண்டு இருங்கோ. பிள்ளைக்கு ஈரல் ஒண்டுதான் இருக்கு.”

கடைக் கொப்பியிலிருந்து அவருடைய இலக்கத்தை அவளே எழுதிக்கொண்டு போனாள். என்ன கதைத்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கிழமை போனது, அவர் கடைக்கும் வரவில்லை. நான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டேன்.

இரண்டாவது இரத்த முடிவு ஒரு வியாழக்கிழமை வந்தது. இறங்குகிறது, முழுவதும் இல்லை, இன்னும் ஒரு மாதம் இதே சாப்பாட்டில் விடுங்கள் என்றார் டொக்டர். மகளின் நெற்றியோரத்தில் கட்டையாய் மயிர் முளைத்திருந்ததை அவர்தான் காட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தேன். “அப்பா, பாக்காதேங்கோ, எல்லாரும் பாக்கினம்,” என்றாள்.

வீட்டு வாசலில் நானாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் உள்ளே வரவில்லை, இருக்கையிலிருந்து இறங்கவுமில்லை. முன்னால் ஒரு உரப்பை. பொன்னாங்காணி, வல்லாரை, கொஞ்சம் பிஞ்சுப் பயற்றங்காய் அதற்குள் இருந்தன. வாங்கக் கையை நீட்டினேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சந்தைக்கிப் போறதுக்குத்தான் அடிக்கிற தம்பி. தண்ணி மோட்டர்க் கொட்டிலுக்குப் பக்கத்துல ரெண்டு பாத்தி இரிக்கி, அதுல ஒங்கட கடைச் சாமான் ஒண்டும் படல்ல. நாங்க ஊட்டுல தின்றது அதத்தான். அண்டைக்கி நீங்க பீப்பாவுல போட்டதும் அதுல புடுங்கினதுதான்.” பிறகு என்னைத் தாண்டிப் பார்த்துச் சொன்னார்: “மகள், இஞ்ச வாங்க. இத ஒங்கட கையிலதான் தருவன், வாப்பாட கையில தரமாட்டன்.”