மூர்த்தி அண்ணனும் என் மகளின் நெபுலைசரும்

மூர்த்தி அண்ணன் இன்று காலை போய்விட்டார். தூக்கத்திலேயே... கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

இங்கே மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் நான் வேலை செய்யும் பேக்டரியில் அவர்தான் சார்ஜ்மேனாக இருந்தார். கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் பொறுப்பு. நான் பேக்கிங் லைன்.

என் மகள் தர்ஷினிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் லீவுக்கு வந்தபோது அவளுக்கு ஒரு நெபுலைசர் கொண்டுவந்தார். மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் மெஷின்.

அதன் பிளக் நம் சுவரில் ஏறவில்லை. நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே... பசார் மாலம் ராத்திரிச் சந்தையில் வாங்கிய அடாப்டரில் சொருகி சுவிட்சைப் போட்டேன். சிங்கப்பூர் சாமான் எல்லாம் இங்கே ஓடுகிறது, அமெரிக்கா சாமான் ஓடாதா என்ற நினைப்பு.

டப்பென்று ஒரு சத்தம். புகை. பிள்ளைக்கோ மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

மறுநாள் அந்தக் கருகிய மெஷினை மூர்த்தி அண்ணனிடம் காட்ட வேலைக்கு எடுத்துப்போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பி, அடியில் இருந்த லேபிளைப் படித்தார்.

“இது நூத்திருவது வோல்ட்டுமா. நம்ம வீட்டுல இருநூத்தி நாப்பது. அடாப்டர் பிளக்கோட பின்ன மட்டும்தான் மாத்தும், கரண்ட மாத்தாது லா.”

“என் கையாலேயே பிள்ளைய கொல்லப் பார்த்தேனே அண்ணே...”

“மெஷின்தானே செத்துச்சு? பிள்ள நல்லாத்தானே இருக்கு? மூஞ்சிய கழுவிட்டு வா, தே தாரிக் குடிக்கலாம்.”

அன்று அவர் திட்டாமல் இருந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

போன வருஷம் தர்ஷினிக்குத் தைவானில் படிக்க இடம் கிடைத்தது. இங்கே வாங்கிய நெபுலைசரையே பெட்டியில் வைத்துவிட்டேன். அவளைப் பார்த்துவிட்டுப் போக வந்த மூர்த்தி அண்ணன், கட்டிய பெட்டியைத் திறக்கச் சொன்னார். கஸ்டம்ஸ்காரன்கூட அப்படிக் கிளறியிருக்க மாட்டான்.

“அங்க நூத்திப்பத்துதான்மா. இது அங்க எரியாது, அதான் பயமே. சும்மா உறுமும். ஓடுதுன்னு நெனச்சி பிள்ள உக்காந்திருக்கும், மருந்து ஒழுங்கா வராது.”

ரிட்டயர் ஆன மனுஷன், முட்டி வலி வேறு. அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் குளுவாங் டவுனுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை எதிலும் ஓடும் ஒன்றை வாங்கி வந்தார். லேபிளை அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே படித்தாள்.

இன்று செய்தியை நான்தான் அவளுக்குச் சொன்னேன். வீடியோ காலில் அழுது அழுது... அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது.

பேச முடியாமல் எழுந்து போனாள். மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டாள். நான் இங்கிருந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் இழுப்பு அடங்கியது.

பிள்ளை இப்போது நன்றாக மூச்சு விடுகிறாள், அண்ணே.

போய் வாருங்கள்.