ஒல்லாந்தர் காலத்துப் பனையும் பரந்தன் வேலியும்

பரந்தனில் என் சித்தப்பாவும் பக்கத்து வளவு நடராசா அண்ணையும் எல்லைப் பனை ஒன்றுக்காகக் கதை பேச்சில்லாமல் இருப்பது ஊரறிந்த விசயம்.

சேர்த்துவைக்கலாம் என்று இன்று ஒரு வேலை பார்த்தேன்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்துக் காணிகளைப் பதிந்த பழைய ஏடான தோம்பில், இவர்கள் இருவரின் முன்னோரும் அண்ணன் தம்பி என்று இருந்தது. அங்கே ஒரு பனையை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் போனில் காட்டினேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அந்தப் பனை இப்பவும் நிக்குதோ?”

“முந்நூறு வருசமாச்சு, சித்தப்பா. இருக்காது.”

“ஆர் தறிச்சதெண்டு போட்டிருக்கோ?”

“இல்லை.”

“அவன்ர ஆக்கள்தான் தறிச்சிருப்பாங்கள்.”

முற்றத்துக்கு வந்தால் வேலிக்கு மேலால் நடராசா அண்ணையின் தலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“பிள்ளை, அந்தப் படத்தை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. எங்கட பாதியை வித்ததெண்டு அதிலை ஒண்டும் இல்லைத்தானே?”

காலையில் ஒரு பனைக்குத்தான் சண்டை. இப்போது இரண்டு பனைக்கு. அதில் ஒன்று உலகத்திலேயே இல்லை.

பளை பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். என் முந்தைய பதிவுகளுக்குக் கீழே, தங்கள் பரம்பரையையும் தோம்பில் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டவர்களே, முதலில் உங்கள் வேலியைப் படம் பிடித்து அனுப்புங்கள்.