ஐம்பது கேபிக்குக் கீழே

மயிலாப்பூர் சாருலதாவுக்கு ஒரு பொருளைத் தூக்கிப் போட இரண்டாவது யோசனை தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு கிழித்துவிடுவாள். கணவர் சாய்நாத் தன் பழைய சட்டைகளை ஆபீஸில் ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்வி. இந்தக் குணத்தைத்தான் இருபது வருஷமாகத் தொழிலாகவும் வைத்திருக்கிறாள். சர்வர்களுக்குப் பேக்கப் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. எதையெல்லாம் நகல் எடுக்க வேண்டாம் என்று பட்டியல் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

போன ஆடியில் அடையாறிலிருந்து அழைத்தார்கள். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்திப் பேசப் பழக்கும் சின்ன நிலையம் அது. பதினாலு வருஷப் பயிற்சிகளின் ஒலிப்பதிவு முழுவதும் ஒரே ஃபோல்டரில், ஏழு லட்சம் கோப்புகளாகக் கிடந்தது. பேக்கப் தினமும் கிளம்பும். கோப்புகளை எண்ணி முடிப்பதற்குள் ஒதுக்கிய நேரம் தீர்ந்து பாதியில் நிற்கும். இரண்டு வருஷமாக முழு நகல் ஒன்றுகூட இல்லை. இப்போது டிஸ்க்கும் பழுதாகி, எப்போது வேண்டுமானாலும் போய்விடுவேன் என்று எச்சரித்துக்கொண்டிருந்தது.

சாருலதா மளமளவென்று இறங்கினாள். கோப்புப் பெயர்கள் குழந்தையின் எண்ணில் ஆரம்பித்ததால், குழந்தைக்கு ஒரு பங்காக இருநூற்றுப் பன்னிரண்டு பங்குகள் பிரித்தாள். பிறகு விலக்குப் பட்டியல். தற்காலிகக் கோப்புகள், இரட்டைப் பிரதிகள், கடைசியில் அளவில் ஐம்பது கேபிக்குக் (கிலோபைட்) கீழே இருந்த பதிவுகள். சத்தமே இல்லாதவைதான் அப்படிச் சுருங்கியிருந்தன. மொத்தத்தில் மூன்றில் ஒன்று. திறந்து கேட்ட நாலைந்திலும் ஒன்றுமில்லை.

பயிற்சியாளர் ஹம்சினி, முப்பதுகூட ஆகாத பெண், திரையை எட்டிப் பார்த்தாள்.

“இதையெல்லாம் ஏன் மேடம் விடறீங்க?”

“ஒண்ணுமே இல்லம்மா, காலி. இதை விட்டாத்தான் டிஸ்க் போறதுக்குள்ள மீதியைக் காப்பாத்த முடியும்.”

ஹம்சினி ஹெட்போனை சாருலதாவிடம் கொடுத்து, இஃப்ரா என்ற குழந்தையின் பதிவுகளைத் தேதிவாரியாகப் போட்டாள். மைக் குழந்தையின் சட்டையில் குத்தப்பட்டிருக்குமாம். முதல் பதிவு நிசப்தம். பத்தாவதும் அப்படியே. சாருலதா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப கேளுங்க. முப்பத்தொண்ணாவது.”

ஒரு மூச்சு. உள்ளே இழுத்து, அப்படியே நின்றது.

“பேசப் போறவங்கதான் மூச்சை இப்படிப் பிடிப்பாங்க மேடம். தனக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. முதல் வார்த்தை வர அதுக்கப்புறம் எட்டு மாசம் ஆச்சு.”

சாருலதா வேறொரு குழந்தையின் பதிவைப் போடச் சொன்னாள், பிறகு இன்னொன்றை. ஒருவனுக்கு நாற்பதாவதில், ஒருத்திக்கு எழுபதில், எங்கோ ஓரிடத்தில் அந்த மூச்சு இருந்தது. ஒரு சொல் வெளியே வருவதற்கு முன்னால் மனிதப் பிறவி இத்தனை பாடுபடுகிறது என்பது நாற்பத்தாறு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. கை கூப்பலாம் போல இருந்தது. இரண்டு லட்சத்துச் சொச்சம் கோப்புகளைக் காலி என்று எழுதிய தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

விலக்குப் பட்டியலில் அந்த வரியை அழித்தாள். ஆனால் டிஸ்க் போவதற்குள் எல்லாம் தேறும் என்று நிச்சயமில்லை.

“எதை மேடம் முதல்ல எடுக்கறது?” ஹம்சினி பயந்தபடி கேட்டாள்.

“பேசினதை அதுகள் திரும்பச் சொல்லிடும். பேசாம இருந்ததை எங்கே போய் வாங்கறது?”

ஐம்பது கேபிக்குக் கீழே இருந்தவை முதலில் கிளம்பின. அவை முழுவதும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பேச்சுப் பதிவுகளில் நூற்று எழுபது குழந்தைகளுடையவை வந்தபோது, மூன்றாம் நாள் காலை, டிஸ்க் உயிரை விட்டது. மீதி நாற்பத்திரண்டு குழந்தைகளின் பேச்சு போயிற்று. அதில் இஃப்ராவும் ஒருத்தி.

அவளுக்கு இப்போது ஒன்பது வயது. அடுத்த வாரம் மறுபடி பதிவு செய்ய அவள் அம்மா அழைத்து வந்தார். குற்ற உணர்ச்சி தாங்காமல் சாருலதாவும் வந்திருந்தாள். குழந்தையின் எதிரே உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னாள்.

“நீ பேசின அத்தனையும் என்னால தொலைஞ்சு போச்சும்மா.”

இஃப்ரா யோசித்தாள்.

“தொலஞ்சா இன்னா ஆன்ட்டி? நான் கீறேன்ல, சொல்றேன்.”

சாருலதா ஏதோ சொல்ல மூச்சை உள்ளே இழுத்தாள். அது அப்படியே நின்றது. இஃப்ரா அவசரப்படுத்தாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.