மூன்றாவது வருஷத்துக்கு ஒரு ஆள்

"அப்பா, நாளைக்கு டிராஃப்ட் இருக்கு. நீங்கதான் பாத்துக்கணும்" என்று மகள் சொன்னதும் நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன்.

அந்த டிராஃப்டுக்காக வாரக்கணக்காகக் காத்திருந்தேன். அவள் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு அமெரிக்காவுக்கு, வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே அனுப்பத் தயாராக இருந்தது. போகிறாளா இல்லையா என்று மே மாதம் முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். எங்களுக்கு அவள் ஒருத்திதான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி, "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடியில் தன் அறைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. ஆனால் எந்தப் பதிலும் வரைவு இல்லாமல் போகாது. வரைவு எழுதப்பட்டு, பார்வைக்கு வைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, பிறகுதான் நகல் எடுக்கப்படும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்கே, கொடு" என்றேன். "முதல் வரியிலேயே நன்றி சொல்லி வைக்காதே. இளக்காரமாப் போயிடும்."

"என்னத்த கொடுக்கறது? ஃபுட்பால்ப்பா. அமெரிக்கன் ஃபுட்பால்."

பேனாவை மூடினேன்.

அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். அந்த வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஒரு கும்பல், விளையாட்டுக்காக ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறது. வீரர்கள் என்னவோ நிஜம். அவர்கள் நிஜ மைதானத்தில் ஓடி விழுந்து எழுந்திருப்பதற்கு மதிப்பெண் உண்டு. அது அவர்களைத் தன் அணியில் வைத்திருப்பவருக்குச் சேரும். ஒருமுறை எடுத்த ஆளை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை, கல்லூரி முடித்து வரும் புது ஆட்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட். போன வருஷம் கடைசியில் வந்தவருக்கு, ஆள் எடுப்பதில் முதல் முறை. பந்தயப் பணம் கிடையாது. ஆனால் கடைசியில் வருகிறவர் வாரக் கூட்டத்தில் தலையில் கோழித் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். யாரோ வேலையை விட்டுப் போனபோது அநாதையாகக் கிடந்த ஒரு அணியை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கே அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஃபோனைக் கையில் எடுக்கும் நேரம் நமக்குக் காலை. அலுவலகத்தில் அவள் உட்காரும் மாடியில் ஃபோன் கொண்டுபோக அனுமதியில்லை. அதனால் டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

"நம்ம முறை வந்தா ஒரு ரன்னிங் பேக் எடுத்துடுங்க. பந்தைத் தூக்கிட்டு ஓடறவன். மேல யார் இருக்கானோ அவன். அவ்ளோதான். இந்த வருஷம் ஜெயிச்சே ஆகணும். உங்க மூளையெல்லாம் வேண்டாம், கெஞ்சிக் கேக்கறேன்."

மறுநாள் காலை அவள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டியதும் டேப்லெட்டைத் திறந்தேன். 'ரோஸ்டர்' என்று ஒரு பக்கம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ரோஸ்டர் என்றால் இடஒதுக்கீட்டுப் பதிவேடு. எந்தக் காலியிடம் எந்தப் பிரிவுக்கு என்று அதுதான் சொல்லும். பழக்க தோஷத்தில் இங்கேயும் அதைத் தேடினேன். இல்லை. வெறும் ஆட்களும் வயதும் மட்டும். வயதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது.

அணிக்கு அச்சாணி குவாட்டர்பேக் என்பவன். நின்ற இடத்திலிருந்து பந்தை எறிகிறவன். என் மகளுடைய குவாட்டர்பேக் அந்தத் தொழிலில் கிழவன். அவனுக்குப் பிறகு யாரும் இல்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் அவன் ஓய்வு பெற்றால் நாற்காலி காலி. இந்த ஒரு விஷயத்தைத்தான் பணிக்காலம் முழுக்க மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்னார் இன்ன வருஷம் ஓய்வு பெறுகிறார், இப்போதே ஆள் எடுத்துப் பழக்குங்கள் என்று. மேலிடம் ஒவ்வொரு முறையும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டது. பார்த்தது உண்மைதான்.

முறை சுலபத்தில் வரவில்லை. நமக்கு முன்னால் இருந்தவர் தூங்கிவிட்டாரோ என்னவோ. மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். நிரம்பியிருந்தது. இறங்கி வந்து திரையைப் பார்த்தேன். மறுபடி ஏறினேன். ஊருக்கு வெளியே தெரியும் மலை உச்சியில் மேகம் இருந்தது. மழை வருமா என்று சொல்ல முடியவில்லை.

"ஏனுங்க, படிக்கட்டு தேஞ்சிரும்" என்றாள் என் மனைவி. சமையலறைத் தரையில் உட்கார்ந்து மாம்பழங்களைப் பழுத்தது, பழுக்காதது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். "பந்து விளையாடறது அவனுங்க. மூச்சு வாங்கறது உங்களுக்கு."

முறை வந்தது. பட்டியலின் மேலே ஒரு ரன்னிங் பேக் தயாராக இருந்தான். நல்ல தொடை. ஆனால் கொஞ்சம் கீழே ஒரு குவாட்டர்பேக். கல்லூரியின் கடைசி ஆட்டத்தில் முட்டி உடைந்து, இந்த வருஷம் முழுக்க ஆட முடியாதவன். அதனால் யாரும் தொடவில்லை. விதிகளைப் படித்தேன். இதுவரை அதைப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். காயம்பட்டவனைத் தனி இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அவன் எண்ணிக்கையில் சேரமாட்டான், ஆனால் நம் ஆளாகவே இருப்பான். மூன்றாவது வருஷம், கிழவன் எழுந்து போகும்போது இவன் உட்காருவான். அழுத்தினேன். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு நியமனம் செய்த திருப்தி இருந்தது. மேல் கையெழுத்து தேவைப்படாத நியமனம்.

சாயங்காலம் அவள் வாசலிலேயே டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? முட்டி உடைஞ்சவன எடுத்திருக்கீங்க?"

"மூணாவது வருஷம் பாரு. அப்பப் புரியும்."

"இந்த வருஷம் யாரு ஓடறது? நீங்களா?"

"ஏற்கெனவே ஓடிட்டுதான் இருக்கார், மேலயும் கீழயும்" என்றது சமையலறை.

அவள் சோபாவில் சாய்ந்து எதையோ தட்டினாள். சற்று நேரத்தில், "ஒருத்தர் கேக்கறார். இந்த முட்டிக்காரனையும், அடுத்த வருஷம் நாம ஆள் எடுக்கற முதல் முறையையும் கொடுத்தா, நல்லா ஓடற ஆள் ஒருத்தனத் தர்றாராம். கொடுத்துடறேன். அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

இந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மாறுதல் உத்தரவு கைக்கு வந்துவிட்ட அதிகாரிகள் பேசுவது இது. அதை மேஜை டிராயரில் ஒளித்துவைத்துக்கொண்டு, பிரிவுக்குக் கிடைக்க வேண்டிய புது நாற்காலிகளைப் பக்கத்துப் பிரிவுக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அந்தப் பிரிவு இருந்தாலென்ன, போனாலென்ன.

"அப்ப முடிவு பண்ணிட்டே" என்றேன்.

"என்னத்த?"

"போறதுன்னு. எனக்கு ஆட்சேபணை இல்லை, அதான் அன்னைக்கே சொன்…"

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கப்பா!" டேப்லெட் சோபாவில் விழுந்தது. "நான் எதையும் முடிவு பண்ணல. போகட்டுமான்னு உங்களக் கேட்டேன், இல்லையா? நான் போனா உங்களுக்கு எப்பிடி இருக்கும்னு கேட்டேன். நீங்க ஆட்சேபணை இல்லைன்னு என்.ஓ.சி. கொடுத்தீங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட முகத்தப் பாத்துக் கொடுப்பாங்க."

"எப்பிடி இருக்கும்னு நீ கேக்கவே இல்லையே."

"கேட்டாதான் சொல்வீங்களா?"

"எழுத்துல கேக்கணும் கண்ணு" என்றாள் என் மனைவி. கையில் மாம்பழம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவிலேயே கிடைக்கும். நான் மண்டி மொஹல்லாவின் குறுகலான கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே நடக்கிறவன் சுவரையும் ஸ்கூட்டரையும் தவிர எதையும் யோசிக்க முடியாது என்பதற்காகவே போனேன். அதுவும் பலிக்கவில்லை. ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டுச் சாக்கடைக் கல்லின் மேல் ஏறி நின்றபோதும் அந்த இரண்டு வருஷத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் என்று எழுதுவார்கள். பிறகு நீட்டிப்பார்கள். நீட்டிப்பு உத்தரவு எத்தனை எழுதியிருப்பேன். நீட்டிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பழைய நாற்காலிக்குத் திரும்பினார்கள் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

பாத்திரக் கடைக்காரர், "எஷ்டு லீட்டர் சார்?" என்று கன்னடத்தில் குக்கரின் அளவைக் கேட்டார்.

"எரடு வருஷ" என்றேன், இரண்டு லிட்டர் என்பதற்குப் பதில் இரண்டு வருஷம் என்று.

அவர் என்னை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "வாரண்டி எல்லா இல்லா சார். ரப்பரு இது."

கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அது எங்கள் குக்கருக்குச் சேரவில்லை. என் மனைவி அதைக் கையில் வளையல்போல் மாட்டிப் பார்த்துவிட்டு ஆணியில் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் மகள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல் காற்று. படியேறினேன். இந்த முறை தொட்டியைப் பார்க்கவில்லை.

"ஆட்சேபணை உண்டு" என்றேன்.

தோளில் துணிகளோடு திரும்பினாள்.

"பதிவு பண்ணிக்கோ. நீ போறதுல எனக்கு ஆட்சேபணை உண்டு. அதுக்காகப் போகாம இருக்க வேண்டியதில்லை. ரெண்டும் ஒரே கோப்புல இருக்கலாம். விதி இடம் கொடுக்குது."

"அப்பா…"

"இரு. டெபுடேஷன்ல வேற எடத்துக்குப் போறவனுக்கு லியன்னு ஒண்ணு உண்டு. பழைய இடத்து மேல அவனுக்கு இருக்கற உரிமை. அவன் எங்க இருந்தாலும் அந்த நாற்காலி அவன் பேர்லதான் இருக்கும். அதக் காலியிடம்னு காட்டக் கூடாது. அந்த முட்டிக்காரன நான் வெச்சிருக்கறதும் அப்பிடித்தான். ஆடல. ஆனா நம்ம ஆள்."

அவள் துணிகளைக் கொடிமேலேயே திரும்பப் போட்டாள். "ஒரே ஒரு தடவ, மனுஷங்க பேசற மாதிரி சொல்லுங்கப்பா."

எனக்கு வாக்கியம் அமையவில்லை. எத்தனையோ அதிகாரிகளுக்கு எத்தனையோ வாக்கியம் அமைத்துக் கொடுத்தவன். "நீ இல்லாட்டி வீடு நல்லாருக்காது அம்மிணி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலையில ஸ்கூட்டர் சத்தம் கேக்காது" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தை ஒரு துவாலைக்குள் வைத்துக்கொண்டாள். படிக்கட்டின் பாதியில் நின்றிருந்த என் மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஏனுங்க, வாசல்ல நின்னு நாங்க 'போயிட்டு வா'ன்னு சொல்றமே, அது என்னன்னு நெனச்சீங்க? யாராச்சும் வெறும் 'போ'ன்னு சொல்றமா? அதுல பாதி உங்க லியன்தான். இதுக்குப் போயி இத்தன ரூல்ஸ்."

பணியாளர் விதிகளின் அத்தனை பாகங்களையும் கரைத்துக் குடித்தவன் நான். ஒரு வாசற்படிச் சொல்லில் அது முழுவதும் அடங்கியிருப்பதாக யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. மழை தொடங்கியது. மூன்று பேரும் துணிகளை வாரிக்கொண்டு இறங்கினோம்.

அவள் பதிலை அவளே எழுதி அனுப்பினாள். வரைவு என் பார்வைக்கு வைக்கப்படவில்லை. 'போகிறேன்' என்பதுதான் பதில் என்று பிறகு சொன்னாள். முட்டிக்காரனையும் கொடுக்கவில்லை. கிளம்பின அன்று வாசலில் நின்று, "போயிட்டு வா" என்றேன். 'வா' கொஞ்சம் பலமாக வந்துவிட்டது. கார் டிரைவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இறங்கி வந்தார்.

அந்த வருஷம் ஓடுவதற்கு ஆளில்லாமல் அவள் அணி கடைசியில் வந்தது. அங்கிருந்து ஒரு புகைப்படம் அனுப்பினாள். நீள மேஜை, கோட்டுப் போட்ட மனிதர்கள், நடுவில் கோழித் தொப்பியோடு என் மகள். "உங்களாலதான்ப்பா" என்று கீழே எழுதியிருந்தாள். நான் உடனே, கடைசியில் வந்ததால் அடுத்த டிராஃப்டில் முதல் முறை நமக்குத்தான் என்பதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினேன். என் மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். தொப்பியைப் பார்க்கவில்லை. கன்னம் வற்றியிருக்கிறதா என்று பார்த்தாள்.

முட்டிக்காரனுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் அவன் முட்டியைப் பற்றி ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு மாடிக்குப் போகிறேன். இறங்குகிறேன். படிக்கட்டு தேய்ந்துதான் வருகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். கொள்ளேகாலிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் வாடகைக்கு அறை தேடுகிறார்களாம். நல்ல குடும்பமாம். "உங்க மேல்ரூம் காலியாத்தானே இருக்கு?" என்றார்.

"காலி இல்லை" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். "ஆள் இல்லீங்க. ஆனா காலி இல்ல" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அந்த அறையைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.