மேற்குச் சுவரில் ஒரு ஷட்டர்

எங்கள் பட்டறைக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இருந்ததில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலை அந்தப் பக்கம்தான். ஆனாலும் கட்டியவர்கள் சாலைக்கு முதுகைக் காட்டியே கட்டியிருந்தார்கள். அப்போது அது தறிக்கூடம். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தறியில் நூலை நிற்க விடாது. அதனால் மேற்கே முழுச் சுவர், கிழக்கே கூரையை ஒட்டி வரிசையாகக் காற்றுத் துளைகள், மேலே ஓடு.

தறிகள் போன பிறகு அங்கே பீடி இலை அடுக்கினார்கள். சாரலில் இலை பூசணம் பிடிக்கிறது என்று துளைகளைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். அடுத்து வந்த லேத் பட்டறைக்காரர், ஒழுகுகிற ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டார். அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே தையல் பட்டறை வைத்தாள். தூசி துணியில் படிகிறது என்று தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைத்தாள். எல்லோருக்கும் நியாயமான காரணம் இருந்தது. நான் கட்டடப் பொறியியல் படித்தவள். இவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான், காற்று வெளியே போகிற வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டோம் என்று தெரிந்தது. மேற்குச் சுவர் முழுதாக இருந்தவரை பாதகமில்லை.

கட்டடத்தில் பாதி சித்தப்பாவுக்கு. வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பியவர், மேற்குப் பாதியைச் சிப்ஸ் கடைக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்தார். நடுவே ஆளுயரத் தடுப்பு. சாலையைப் பார்த்து அகலமான ஷட்டர்.

"உள்ள வந்த காத்து போக வழி இல்லாம கூரையத் தூக்கிரும் சித்தப்பா. முதல்ல கிழக்க அந்தத் துளையத் திறப்போம்" என்றேன்.

"மதினிதானே வேண்டாங்காங்க?"

"ஆமாட்டி" என்றாள் அம்மா. "அதத் திறந்தா காத்து நேர பூந்து சாரலயும் கொண்டாந்து கொட்டும். பள்ளிக்கூடத்து யூனிபார்ம் துணி பூரா கெடக்கு."

"அப்ப ஷட்டரக் கிழக்க வைங்க."

"கிழக்க பாத்து கடை வச்சா மாடுதாம்ட்டி வந்து சிப்ஸ் வாங்கும்."

அம்மாவே சிரித்துவிட்டாள். காற்று பலமானால் ஷட்டரை இறக்கிவிட வேண்டும் என்பதற்கு மட்டும் சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். காற்றும் சாரலும் இருக்கும்போதுதான் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனிக் கடைசியில் ஒரு பகலில் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, தகரம் மூச்சு விடுத மாதிரி ஏறி எறங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவும் கடைக்காரரும் ஷட்டரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி இறங்கிய ஷட்டர் காற்றில் உள்பக்கமாக வளைந்து, பக்கச் சட்டத்தை விட்டு விலகிச் சிக்கியிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தகரத்தைப் பிடித்திருந்த கொக்கிகள் தெறித்து விழுந்தன. தைக்கிற பெண்கள் பறக்கிற துணிக்கட்டுகளின் மேல் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்கக்கா!"

"போனா துணி போயிரும்மா" என்றாள் ஒருத்தி, எழுந்திருக்காமலே.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கிழக்குச் சுவரோரம் இருந்த துணி வெட்டுகிற மேசைமேல் ஏறினேன். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ட்டி. துணி அம்புட்டும் போயிரும்ட்டி."

"கூரை போயிரும்மா."

"போகாது, போகாது" என்று அவள் சொல்லும்போதே ஒரு தகரம் சுவரை விட்டு எழும்பி வெளிச்சம் உள்ளே விழுந்தது. அம்மா என் காலை விட்டாள். சுத்தியலைத் தேடி எடுத்து அடுத்த மேசைமேல் ஏறினாள்.

குத்திக் குத்தித் துளைகளைத் திறந்தோம். சில துளைகள் திறந்ததும் சிமெண்ட் தூளை வாரிக்கொண்டு காற்று எங்கள் முகத்தை உரசி வெளியே போனது. தகரம் படீரென்று உட்கார்ந்தது. அதன் பிறகு எழும்பவில்லை. ஆனால் அம்மா சொன்னபடியே, ஷட்டரிலிருந்து கிழக்குச் சுவர் வரை சாரல் தடையில்லாமல் அடித்தது. சிப்ஸ் பொட்டலங்கள் தடுப்பைத் தாண்டிப் பறந்து வந்தன. நாங்கள் உடைத்த செங்கல்லின் தூள் நனைந்து, வெள்ளைச் சட்டைத் துணியில் சிவப்பாக இறங்கியது.

சித்தப்பா ஓடி வந்து மேலே பார்த்தார். "கூரை நின்னுட்டுல்லா?"

அம்மா சிவப்பு இறங்கிய சட்டைத் துணி ஒன்றை எடுத்துப் பிழிந்தாள்.

"இப்ப அடைச்சிருவோமாட்டி?" என்றாள் அம்மா.

"காத்து நிக்கட்டும்மா."

"எப்ப நிக்கும்?"

ஆடி முழுக்க பாக்கி இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

பெண்கள் மிஷின்களைத் துடைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். "நாளைக்கு எங்கனக்கா வரணும்?" என்று ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போடலாம், அதற்கு மேல் இடமில்லை.

"யார் யார் வரணும்னு அம்மா சாயங்காலம் போன்ல சொல்லுவாங்க" என்றேன்.

அதுவரை ஒன்றாக நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.