பிரீசர் ராத்தா

பிரீசர் மூடியைத் தூக்குவதற்கு முன் ஸித்தி ஸுபைதா இடது கையில் மட்டும் ஒரு கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொள்கிறார். வலது கை மூடியைத் தாங்க, இடது கை உள்ளே போகிறது. வாசலில் நிற்பவரிடம் அவருடைய உம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து முடிப்பதற்குள் பொதி வெளியே வந்துவிடும். சிவப்பு நூல் கட்டியது எதிர்வீட்டு நிப்லாவுடையது. பச்சை, மேல்வீட்டு றஷீனா. ஊதா நூல், பள்ளிவாசல் பக்கத்து ஜஸீல் மாஸ்டர். கணவர் ஜாபிருக்கு பண்டாரவளை பஸாரில் தையல் சாமான் கடை, நூலுக்குப் பஞ்சமில்லை. வலது கையுறைதான் இல்லை. வாங்கிய வாரமே பிரீசருக்குள் விழுந்துவிட்டது. அடியில் எங்கேயோ கிடக்கிறது என்பார்.

ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், ஸுபைதா என்று பேர் சொல்லிக் கேட்டால் இரண்டு பேர் யோசிப்பார்கள். "பிரீசர் ராத்தா" என்று அக்கா முறை வைத்துக் கேட்டால் மூன்றாவது படிக்கட்டைக் காட்டுவார்கள். அந்த நாற்பத்திரண்டு படிகளிலும் பிரீசரைச் சுமந்து ஏற்றியவர்களில் பால்கார வீரய்யாவும் ஒருவர். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறவர். இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாராம்: "அம்மா, ஏத்தியாச்சுங்க. எறக்குறதுக்கு மட்டும் எங்களக் கூப்பிடாதீங்க. எங்க லயத்துல பால வெளிய வெச்சாலே மறுநா வரைக்கும் கெடாதுங்க. இது எதுக்கு?"

அதே கேள்வியைத்தான் ஜாபிரும் கேட்டார். அவருடைய வாயில் அது இன்னும் கொஞ்சம் கூர்மையாக வந்தது. "சனம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குற ஊருல ஐஸ் பெட்டி வாங்கின பொம்புள நீ ஒராள் தான்."

சமையலறைக் கதவுக்குள் நுழையாததால் பிரீசர் முன் ஹோலிலேயே நின்றுவிட்டது. ஸுபைதா அதன் மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றை வைத்தார். முதல் வாரம் அதற்குள் இரண்டு கோழியும் ஒரு பை பட்டாணியும் இருந்தன. மூன்றாம் வாரம் அவை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நோன்புக்கு முன்பே உருட்டிவைத்த ரோல்ஸ், துருவிய தேங்காய், ஜஸீல் மாஸ்டரின் ஈரப்பலாக்காய் எல்லாம் வந்து சேர்ந்தன. கட்டாரில் இருக்கிற மருமகன் வரும்வரை வைத்திருக்கச் சொல்லி றஷீனா கொடுத்த கலியாணக் கேக் துண்டு பத்து மாதம் உள்ளே இருந்தது. கரண்ட் போனால் ஒழுங்கையே வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எப்பிடி ஈக்கி?"

"மூடியத் தொறக்காட்டி ஒண்டும் ஆகாது. பெய்த்து நாளைக்கு வாங்கோ."

ஸுபைதா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவருடைய கோழிகள் பழைய பிரிட்ஜின் ஐஸ் தட்டுக்கே திரும்பிப் போயின. தனியாக ஒரு பிரீசர் வாங்கினால் பிரயோசனமா என்று யாராவது கேட்டால் ஸுபைதா சிரிக்காமல் பதில் சொல்வார்: "பிரயோசனம் தான். ஆனா ஒங்கட வீட்டுல வெக்க வாணாம். பக்கத்து வீட்டுல வெச்சிக்கோங்கோ."

இந்தச் சிரிப்பெல்லாம் போன வருட ஹஜ்ஜுப் பெருநாள் வரைதான்.

பெருநாளன்று ஆடு, மாடு அறுத்து குர்பான் கொடுத்த வீடுகளில் இருந்து இறைச்சிப் பங்கு வரும். வசதி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வருவதல்ல அது. உறவு, அயல் என்று எண்ணி வருவது. இருபத்தாறு வருடமாக ஸுபைதாவின் வாசலுக்கு அந்த எண்ணிக்கை தப்பியதில்லை. போன வருடமும் படியேறி வந்தார்கள். முதலில் வந்தவள் நிப்லா. ஸுபைதா இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்கட பங்கா?"

"இல்ல ராத்தா, இது எங்கடது. கொஞ்சம் உள்ளுக்கு வெச்சித் தாங்கோ. ஒங்களுக்கு எனத்துக்கு? பிரீசரே ஈக்கே!"

அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் வேறு யாராவது நிறையக் கொடுத்திருப்பார்கள் என்றே நம்பினார்கள். பகல் தொழுகைக்கு முன் பிரீசர் மூடி வரை நிறைந்துவிட்டது. பகல் சாப்பாட்டுக்குப் பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்தார் ஸுபைதா. ஜாபிர் பீங்கான் தட்டைப் பார்த்தார், பிரீசரைப் பார்த்தார்.

"வீடு நெறய எறச்சி. அதுல ஒரு பிடி எடுத்தா யாருக்குத் தெரியும்?"

"அது அமானிதம், எங்கள நம்பித் தந்த சாமான். கை வெக்கேலா."

"அப்ப நாங்க பெருநாளைக்கு எறச்சிக்குக் காவல் ஈக்கிறோம்," என்று சொல்லிவிட்டு ஜாபிர் பருப்பை ஊற்றிக்கொண்டார். ஸுபைதா சிரிக்கவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இந்த வருடம் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கழுவப்போகிறேன் என்று சொல்லி எல்லாப் பொதிகளையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பினார். கழுவவும் செய்தார். அடியில் பனிக்கட்டிக்குள் வலது கையுறை கிடைத்தது. உலர்த்தி மடித்து வைத்தார். பிறகு வயரைச் சுருட்டி, பிளக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மூடியின் மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பொய்யும் சொல்லவில்லை. வந்து பார்த்தவர்கள் பெட்டி பழுது என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்து, "பாவம் ராத்தா" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பெருநாள் காலையில் முதல் சொப்பிங் பை நிப்லாவிடமிருந்தே வந்தது. "ராத்தா, ஒங்கட பங்கு." பகலுக்குள் பதினொரு பைகள். ஸுபைதா ஒவ்வொன்றையும் வாங்கும்போது கொடுத்தவரின் முகத்தை நன்றாகப் பார்த்தார். மேசை நிறைந்தது, பழைய பிரிட்ஜின் ஐஸ் தட்டும் நிறைந்தது. சமைத்ததும் அனுப்பியதும் போக ஏழு பைகள் மிச்சம்.

"இப்ப இத எங்க வெக்கிற?" என்றார் ஜாபிர், மிகவும் அக்கறையாக. கண் பிரீசர் பக்கமே போகவில்லை.

ஸுபைதா கதவைச் சாத்தினார். பிளக்கைச் சொருகினார். ஏழு பைகளையும் உள்ளே அடுக்கி, துணியை விரித்து, பூச்சாடியைத் திரும்ப வைத்தார். மோட்டார் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. ஜாபிர் எழுந்துபோய்த் திறப்பதற்குள் ஸுபைதா மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நிப்லா கையில் கனத்த பையோடு நின்றாள். "ராத்தா, ஏலாம பெய்த்து. எங்கட பிரிட்ஜ்ல இனி எடமே இல்ல. இவ்வளவும் நாளைக்குள்ள கெட்டுப் போகும். ஒங்கட பெட்டிய செய்யிறதுக்கு ஆள் யாரும் வருவாங்களா?"

"பெருநாளைக்கு யார் வாற?"

நிப்லாவின் பார்வை ஸுபைதாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"ராத்தா, பூ ஆடுதே."

காற்று இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பூச்சாடியில் பிளாஸ்டிக் ரோஜாக்கள் ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தன. ஜாபிர் அவசர வேலை இருப்பவர் போலச் சமையலறைக்குள் போனார்.

ஸுபைதா சொன்னார்: "போன பெருநாளைக்கு இதுக்குள்ள பதினாலு வீட்டு எறச்சி ஈந்திச்சி, நிப்லா. எங்கட பேருல ஒரு துண்டு இல்ல."

நிப்லா கையில் இருந்த பையைப் பார்த்தாள். அதில் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. "ஒரு வார்த்த செல்லியிருந்தா நான் கொணந்து தந்திருப்பேனே, ராத்தா."

"கேட்டு வாங்கினா அது பங்கா?"

பை சொட்டிக்கொண்டே இருந்தது. ஸுபைதா கீழே இறங்கினார். பூச்சாடியைத் தூக்கி நாற்காலியில் வைத்தார், துணியை மடித்தார். அலுமாரியைத் திறந்து இரண்டு கையுறைகளையும் எடுத்தார். இடதைத் தான் போட்டுக்கொண்டு, வலதை நிப்லாவிடம் நீட்டினார்.