வெளியே போகாத பொலிஸ்காரன்

மரியரட்ணத்தின் வீடு குருநகரில். அவன் வேலை செய்த பொலிஸ் ஸ்டேசனிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆனால் எண்பத்தைந்தில், ஆயுதமேந்திய இயக்கப் பெடியள் பக்கத்து ஸ்டேசன் ஒன்றைத் தாக்கிய பிறகு, பொலிஸ்காரர் வெளியே போவதே நின்றுபோயிற்று. வாசலில் மண்மூட்டை அடுக்கி முள்ளுக்கம்பி இழுத்தார்கள். ரோந்து இல்லை. முறைப்பாடு சொல்ல வருவாரும் இல்லை. மனைவி சிசிலியா தோய்த்த உடுப்புகளைக் கம்பிக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போவாள். ஒருமுறை அதற்குள் ஒரு கவிதைப் புத்தகமும் வைத்திருந்தாள், பொழுதுபோகட்டும் என்று.

அந்தக் கவிதைகளில் குளித்த ஈரத்தோடு தேத்தண்ணி குடிப்பது, மழை விட்டதும் ஒழுங்கையில் சைக்கிள் உருட்டுவது என்று சின்னச் சின்ன சந்தோசங்கள். மரியரட்ணத்துக்கோ வாசிக்க வாசிக்க மூச்சு முட்டியது. எல்லாம் மண்மூட்டைக்கு அந்தப் பக்கம் நடப்பவை. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஒருநாள் சுன்னாகத்துத் தோட்டக்காரி பூரணம் வந்தாள். தண்ணீர் இறைக்கும் மெசின் களவு போய்விட்டது, வெங்காயம் வாடுகிறது என்றாள். அவன் ஆசையோடு எழுதிக்கொண்டான். மேசையில் கிடந்த புத்தகம் என்னவென்று அவள் கேட்க, வாய்க்காலை வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதைப் பற்றிய கவிதையை வாசித்துக் காட்டினான். பூரணம் சிரித்தாள்.

"உந்தப் பாட்டை எழுதின ஆள் உண்மையிலை தண்ணி மாறின ஆள்தான். சரி தம்பி, எப்ப வந்து பாப்பியள்?"

"பெரியவரைக் கேட்டுச் சொல்லுறன், அம்மா."

வழியெல்லாம் கண்ணிவெடி, ஒரு மெசினுக்காக ஆளைச் சாகக் கொடுக்க ஏலாது என்றார் பொறுப்பதிகாரி. அதில் பிழை சொல்ல இடமில்லை. சீருடையைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு தனியே போய்ப் பார்ப்போமா என்று மரியரட்ணம் வாசல்வரை போனான். காவலுக்கு நின்ற நடராசா மறித்தான்.

"போனா இயக்கப் பெடியள் சுடுவாங்கள். திரும்பி வந்தா இயக்கத்தைச் சந்திச்சனியோ எண்டு எங்கடை ஆக்களே அடிப்பாங்கள். உள்ளை போ."

போனான்.

அடுத்த கிழமை பூரணம் திரும்ப வந்து, இயக்கப் பெடியள் மெசினைப் பிடித்துத் தந்துவிட்டதாகவும் முறைப்பாட்டை வெட்டிவிடும்படியும் சொன்னாள். பொலிஸுக்கு ஏன் போனாய் என்று அவளைத் துருவித் துருவிக் கேட்டார்களாம்.

"எங்களிலை நம்பிக்கை இல்லையோ, அம்மா?" என்று கேட்டான் மரியரட்ணம்.

"உங்களிலை இருக்கு, தம்பி. இருந்து என்ன? நீங்கள் வெளியிலை வர ஏலாதே."

அவன் முறைப்பாட்டின் குறுக்கே கோடு கீறினான்.

மறுவருடம் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தான். ஒழுங்கையில் அவன் தலை தெரிந்தால் அயலவரின் கதை நிற்கும். பழைய பொலிஸ்காரன், ஆருக்கு என்ன சொல்வானோ என்ற பயம். இரண்டு தடவை பெடியள் வந்து விசாரித்தார்கள். அதன்பிறகு சந்தைக்கும் கோயிலுக்கும் சிசிலியாதான் போனாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான்.